உங்கம்மா போட்ட நாலு நாள் பாங்காக்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் போனில் சேர்ந்து சொன்னீர்கள், அம்மாவையும் என்னையும் பாங்காக்குக்கு நாலு நாள் அனுப்புகிறோம், டிக்கெட் எல்லாம் நாங்களே போடுகிறோம் என்று. நான் சந்தோஷமாகப் போனை உங்கம்மாவிடம் நீட்டினேன். ஊர் பேரைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "எனக்கு வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்கு ஏன் கோபம் என்று கேட்டீர்கள். விமானம் என்றால் அவளுக்குப் பயம் என்று நான் சொன்னேன்.

அது பொய். உங்கம்மாவுக்கு விமானத்தைக் கண்டு எந்தக் காலத்திலும் பயம் கிடையாது. பயந்தவன் நான். அதுவும் விமானத்துக்கு இல்லை, நாலு பேர் சிரிப்பார்களே என்று. இதை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து முன்னே பின்னே இருக்கும். எழுத எழுத எனக்குக் கோபமும் வரும். வரட்டும்.

நம் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்ததே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? பெரியவள் அதில் ஜன்னல் வெட்டினாள், சின்னவன் அதற்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். ரெண்டு வருஷம் அதுதான் உங்கள் பங்களா. அது என்ன பெட்டி, எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இந்தக் கதை அந்தப் பெட்டியின் கதைதான்.

சின்னவன் மூணாவது படித்த வருஷம். பெரிய காஞ்சிபுரத்தில் நம் பெயிண்ட் கடை கொஞ்சம் ஓட ஆரம்பித்திருந்தது. ஊர் முழுக்கப் புதுசு புதுசாக வீடு கட்டினார்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லாம் கடையை இடித்து மாடி எடுத்தார்கள். அந்த வருஷம் நான் விற்ற பெயிண்டுக்குக் கம்பெனியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. டீலரும் மனைவியும் நாலு நாள் பாங்காக் போய்வரலாம், செலவு கம்பெனியுடையது என்று. உங்கம்மா அந்தக் கடிதத்தை மூணு தடவை படித்தாள். 'மனைவியும்' என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது நெஜமா?" என்று கேட்டாள். நெஜம்தான் என்றேன்.

அவள் எங்கேயோ ஒரு பத்திரிகையில் படித்திருக்கிறாள், அந்த ஊர் அரண்மனைக் கோயிலில் சுற்றுச்சுவர் முழுக்க ராமாயணம் வரைந்திருக்கிறது என்று. முதல் படத்தில் இருந்து கடைசிப் படம் வரைக்கும் பார்க்க வேண்டும் என்றால் கோயிலை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டுமாம். அவளுக்கு அது போதும். வேறு எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டுக்காக வீட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், "எதுக்கும்மா வெளிநாடு போறீங்க?" என்று கேட்டபோது, "செவுரு பாக்க" என்று சொன்னாள். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுற்றுலா என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

உங்கம்மாவின் வேலை உங்களுக்குத் தெரியும். பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். நெய்கிறவர்களுக்கு முன்னால் வருகிற வேலை அது. கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்றால் தறியில் ஒரு இழை. கட்டத்தை நிறைத்தால் ஜரிகை மேலே வரும், வெள்ளையாக விட்டால் வராது. அவள் நிறைத்ததைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள், அட்டை சொல்கிறபடி தறி ஓடும். ஒரு கட்டம் தப்பினால் கரையில் ஒரு அன்னத்துக்கு மூக்கு கோணும், அந்த ஒரு அன்னத்துக்கு மட்டும் இல்லை, புடவையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் அத்தனை அன்னத்துக்கும் கோணும். அதனால் அவள் எதையும் ஒரு தடவைக்கு நாலு தடவை எண்ணிப் பார்க்கிறவள்.

பாங்காக்கையும் அவள் கிராஃப் தாளில்தான் போட்டாள்.

கடைத்தெருவில் அப்போதுதான் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். அங்கே போய் அந்த ஊர் வரைபடத்தைத் துண்டு துண்டாக அச்செடுத்து வந்து பசை போட்டு ஒட்டினாள். பிறகு நாலு நாளையும் நாலு பட்டையாகக் கிராஃப் தாளில் கிழித்தாள். ஒரு கட்டம் கால் மணி நேரம். ஆற்றில் படகில் போகிற நேரம் நீலம். நடக்கிற நேரம் பச்சை. கோயில் என்றால் மஞ்சள். பூ மார்க்கெட்டுக்கு ரோஸ் கலர். சாப்பாட்டுக்குப் பென்சிலில் லேசாக ஒரு கோடு, அவ்வளவுதான். பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கையில் கொண்டுபோனால் போதும் என்று கணக்கு. உங்களை ஏனாத்தூரில் சித்தி வீட்டில் விடுவது என்றும் அவளே பேசி முடித்துவிட்டாள்.

பகல் பன்னிரண்டரையில் இருந்து நாலு மணி வரைக்கும் முதல் மூணு நாளிலும் கட்டங்கள் வெள்ளை. இது எதுக்கு வெறுமனே கெடக்குது என்று கேட்டேன். "கோயில்னா நடை சாத்துவாங்க இல்ல? நாலு மணிக்குத்தான திறப்பாங்க. அந்த நேரத்துல எங்கனா நிழல்ல உக்காரணும்" என்றாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஏகாம்பரநாதர் சாத்துகிறார், காமாட்சி சாத்துகிறாள், வரதர் சாத்துகிறார். அந்த ஊர்ச் சாமி மட்டும் மத்தியானம் தூங்காமலா இருக்கும்? இந்த ஊரில் பிறந்த யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அரண்மனைக் கோயிலை அவள் மூணாம் நாள் சாயங்காலத்தில் வைத்தாள். கடைசியாகப் பார்த்தால்தான் கண்ணில் நிற்கும் என்று. நாலு மணிக்கு நடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே. அங்கே மட்டும் எட்டு மஞ்சள் கட்டம். மறுநாள் காலையில் விமானம்.

அதோடு விடவில்லை. அந்த ஊரில் நிறைய நடக்க வேண்டும் என்று ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கினாள். தினமும் விடிந்ததும் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளை ஷூவோடு ஏகாம்பரநாதர் கோயில் மதிலைச் சுற்றி நடந்தாள். தெருப் பெண்கள் சிரித்தார்கள். பால்காரர் வண்டியை நிறுத்தி, இன்னாமா போலீஸ்ல சேரப் போறியா என்று கேட்டார். "ஆமா, மொதல்ல உன் பால்ல தண்ணி பிடிக்கத்தான்" என்றாள். அந்த ஒரு மாதம் அவள் இருந்த மாதிரி நான் அவளை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. இதை எழுதும்போதே எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

புறப்படுவதற்கு மூணு வாரம் இருக்கும்போது கம்பெனி அதிகாரி டீலர்களை எல்லாம் ஒரு லாட்ஜ் ஹாலில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து ஒன்பது டீலர்கள். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர், டீலர்கள் சங்கத் தலைவர். பெரிய கடைக்காரர். எனக்குச் சரக்குத் தட்டினால் அவர் குடோனில் இருந்துதான் எடுத்துக் கொடுப்பார். அவர் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள்.

சாப்பாடு முடிந்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ரெண்டே வரி. மனைவி வருகிறார் என்று ஒன்று. மனைவிக்குப் பதிலாக வாஷிங் மெஷின் என்று இன்னொன்று. எதிரே டிக் போட இடம். இப்படி ஒரு தாளை அச்சடிக்க ஒருத்தனுக்குக் கை வந்திருக்கிறது பாருங்கள். ஒரு பொம்பளையை ஒரு பக்கத்திலும் ஒரு மெஷினை இன்னொரு பக்கத்திலும் வைத்து, எது வேண்டும் என்று அவள் புருஷனிடம் கேட்கிறார்கள். நாங்கள் ஒன்பது பேரும் அதைக் கையில் வாங்கினோம். ஒருத்தனும் கிழித்து அதிகாரி முகத்தில் போடவில்லை.

மற்ற எட்டுப் பேரும் பார்க்காமலே ரெண்டாவது வரியில் டிக் போட்டார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைவர் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா யோசனை? வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கினு வரப் போறியா? கல்யாண வீட்டுக்குக் கையில டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு போற ஆளு நீதான்."

மொத்த ஹாலும் சிரித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது உங்களுக்குப் புரிகிற வயசு, நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தவர், அவரு வீட்டுல பர்மிஷன் கெடைக்கல போல என்றார். இன்னொருத்தர், அண்ணியும் வந்தா நாங்கல்லாம் எங்க போய் ஒளியறது என்றார். அதிகாரியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆமாங்க, கூட்டிக்கொண்டுதான் வருகிறேன், அவள் சுவர் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழு வார்த்தை. சொல்லவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ரெண்டாவது வரியில் டிக் போட்டேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வீடு முழுக்கத் துணியும் அவள்தான் துவைக்கிறாள், மெஷின் வந்தால் கைக்கு ஓய்வு, டிசைன் போடுகிற கை ஆச்சே என்று. இதையும் பொய் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவள் கையைப் பற்றி அன்றைக்கு நான் ஒரு நொடி கூட நினைக்கவில்லை. அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் அவளிடம் சொல்லவில்லை. அவள் காலையில் ஷூ போட்டுக்கொண்டு போவாள், நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். மூணாம் நாள் பட்டையில் ஒரு பச்சைக் கட்டத்தை அழித்துவிட்டு நீலம் ஆக்கினாள், படகில் போனால் சீக்கிரம் என்று. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

பதினோராம் நாள் முற்பகலில் கடைக்குப் போன் வந்தது. உடனே வாங்க என்றாள். போனால் வாசலில் டெம்போ நிற்கிறது. கூடத்தின் நடுவில் பெட்டி இருக்கிறது. அவள் அதைத் தொடாமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். டெம்போக்காரர் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கொண்டுவந்த ரசீதில் கம்பெனிக்காரன் தெளிவாக எழுதியிருந்தான், மனைவியின் பயணத்துக்குப் பதிலாக என்று. கையெழுத்துப் போடச் சொல்லி அதை அவளிடமே நீட்டியிருக்கிறார்.

டெம்போ கிளம்பியது. பிறகு கேட்டாள்.

"நீங்களா எழுதிக் குடுத்தீங்க?"

ஆமாம் என்றேன். எல்லா டீலரும் அப்படித்தான் எழுதினார்கள் என்றேன். ஒரு பொம்பளை தனியாக அந்தக் கூட்டத்தில் எப்படி என்றேன். வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன்.

"கூட்டத்துல ஒரு பொம்பளைன்னா நான் வரமாட்டேன்னு நானே சொல்லியிருப்பேனோ இன்னாவோ. வரேன்னும் சொல்லியிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"



அன்றைக்கே அதிகாரிக்குப் போன் போட்டேன். மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், என் மனைவி வருகிறாள் என்றேன். பட்டியல் போய்விட்டது, விசாவுக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அரை மணி நேரத்தில் தலைவரிடம் இருந்து கடைக்குப் போன். "இன்னாபா, வீட்டுல டோஸா?" என்று சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன். அவரிடம் நான் காட்டிய வீரம் அவ்வளவுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நானும் போகவில்லை என்று உங்கம்மாவிடம் சொன்னேன். பெருந்தன்மையாகச் சொல்வதாக நினைப்பு. அவள் மேசை இழுப்பறையைத் திறந்து அந்தக் கிராஃப் தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"போங்க. ஆனா இதுல இருக்கிறபடி போவணும். ஒரு கட்டம் விடக் கூடாது. வந்து எனக்குச் சொல்லணும்."

போனேன். கூட வந்த எட்டுப் பேரில் பாதிப் பேர் ஓட்டலையும் ராத்திரி விழிக்கிற அந்தத் தெருவையும் தாண்டவே இல்லை. மீதிப் பேர் பகல் முழுக்கத் தூங்கினார்கள். வீட்டில் போய் என்ன சொல்வது என்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டார்கள், அதற்கு மட்டும் அப்படி ஒரு ஒழுங்கு. என் மனைவியின் இடத்தை நான் விட்டுக்கொடுத்தது இதற்குத்தான். இவர்கள் சிரிக்கக் கூடாது என்றுதான்.

நான் தாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அவள் நீலம் போட்ட இடத்தில் படகு வந்தது. பச்சை போட்ட நேரத்துக்குள் நடந்து முடிந்தது. பூ மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் நம் ஊர்ச் சரத்தை விடக் கெட்டியாக இருந்தது, காட்ட ஆள் இல்லை. ரெண்டாம் நாள் நாலு மணிக்கு ஒரு கோயிலில் படுத்திருக்கிற பெரிய புத்தரைப் பார்த்தேன், நம் ரங்கநாதர் மாதிரியே கிடக்கிறார். ஊரையே பார்க்காமல் ஒருத்தி இதைப் போட்டிருக்கிறாள், ஒன்றும் தப்பவில்லை. ஒவ்வொரு கட்டம் சரியாக வர வர எனக்கு ஆத்திரம் கூடியது. எங்கேயாவது ஒரு தப்பு இருந்தால் மனசு ஆறும் போல இருந்தது.

மூணாம் நாள் பன்னிரண்டரைக்கு வெள்ளைக் கட்டம் வந்தது. படகுத்துறையில் நிழலாக ஒரு பெஞ்சி. உட்கார்ந்தேன். சுட்ட வாழைப்பழம் விற்கிற ஒரு அம்மா எதிரே இருந்தாள். அவளிடம் ரெண்டு வாங்கித் தின்றேன். மூன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு எழுந்து நடந்து அரண்மனை வாசலுக்குப் போனேன்.

எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். காவல்காரர் கையை ஆட்டிப் பலகையைக் காட்டினார். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள். மத்தியானம் சாத்துவதே இல்லை. மூன்றரைக்கு முடிந்துவிட்டது. நான் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கச் சுவர் திறந்துதான் கிடந்திருக்கிறது. கூப்பிடு தூரத்தில்.

வெளி மதிலை ஒரு சுற்று சுற்றினேன். வெள்ளைச் சுண்ணாம்பு. அதில் ஒன்றும் வரையவில்லை.

ஊருக்கு வந்ததும் உங்கம்மா வேறு எதையும் கேட்கவில்லை. செவுரு எப்படி இருந்துச்சு என்று மட்டும் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். தாளை வாங்கி மூணாம் நாள் பட்டையில் விரலை வைத்தாள்.

"மூணு நாள் அந்த ஊர்ல இருந்தீங்க. கோயில் எப்ப திறக்கும்னு யாரையாவது கேட்டீங்களா?"

"தாள்ல நாலுன்னு போட்டிருந்த."

"நான் போட்டது தப்பு. நம்ம ஊரை நெனச்சிக்கினு போட்டுட்டேன். ஆனா நான் வந்திருந்தா மொத நாளே அந்தப் படகுக்காரனைக் கேட்டிருப்பேன்."

கேட்டிருப்பாள். எனக்குத் தெரியும். வாழைப்பழக்காரியைக் கேட்டிருப்பாள், பாஷை தெரியாவிட்டாலும் கையைக் காட்டிக் கேட்டிருப்பாள். யாரையும் எதையும் கேட்காமல் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். டிக் போட்டபோதும் அதே ஆள்தான்.

அந்த மெஷினை அவள் ஒரு நாளும் தொடவில்லை. சித்தி வீட்டுக்குப் போனது. பெட்டி மட்டும் உங்களுக்கு என்று நின்றது. நீங்கள் அதற்குள் விளையாடும்போதெல்லாம் நான் கடைக்குக் கிளம்பிவிடுவேன், நினைவிருக்கிறதா? நாலு வருஷம் கையாலேயே துவைத்தாள். பிறகு டிசைன் போட்ட காசில் அவளே போய் ஒன்று வாங்கிவந்தாள். என்னை வரச் சொல்லவில்லை.

நேற்று இதை எல்லாம் எழுதி முடித்துவிட்டு அவளிடம் போனேன். போன் விஷயமாக நான் உங்களிடம் பொய் சொன்னதையும், இப்படி எழுதியிருப்பதையும் சொன்னேன். பிறகு கேட்டேன், உனக்குப் போகணுமா என்று. இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்பது இதுதான் முதல் தடவை. நான் வரவில்லை, பெரியவளோடு நீ போ, நான் வீட்டில் இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. கட்டு முழுக்க ஆய்ந்து முடித்துவிட்டு, "இப்பவும் எட்டரைக்குத்தான் திறக்கிறாங்களான்னு புள்ளைங்களைக் கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

அதனால் விசாரியுங்கள். பதிலை என்னிடம் சொல்லாதீர்கள். நான் எடுத்தாலும் போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, அவளிடமே சொல்லுங்கள்.